கோடியக்கரையில் ஒரு வருஷம், 48,300 ரூபாய்

மொத்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணமாக 48,300 ரூபாய் போனது. அதோடு ஆடியிலிருந்து மாசி வரை எட்டு மாதம் எடுத்த படங்களும் போயின. பணத்தை எப்படியோ தேற்றிக்கொண்டேன். படங்கள் போனதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. கடலோரத்தில் கேமரா வைத்திருப்பவர்கள் யாராவது முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் முக்கால் பங்கைத் தவிர்த்திருக்கலாம். அந்த இரண்டு வார்த்தையை இன்னொருவருக்கு நான் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரி. வங்கி வேலை. 2021 ஜூனில் வேதாரண்யம் கிளைக்கு மாற்றல் வந்தது. ஒரே ஆளாக ஒரு வீடு எடுத்துத் தங்கினேன். சேலத்தில் இருந்தபோதே பழைய கேமரா ஒன்று 31,000 ரூபாய்க்கு வாங்கி, ஏற்காட்டில் பூவும் பட்டாம்பூச்சியுமாக எடுத்துக்கொண்டிருந்தேன். வேதாரண்யத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம், சேற்று நிலமும் கடலும் இன்னொரு பக்கம். இப்படி ஓர் ஊருக்கு மாற்றல் கிடைத்ததே அதிர்ஷ்டம் என்று, சேமிப்பில் இருந்ததைப் போட்டுப் பறவை எடுக்கத் தோதான பெரிய லென்ஸ் ஒன்றும் பழையதாகவே வாங்கினேன். 58,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவேன்.

அந்த ஐப்பசியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் மழை. காலையில் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால், முருங்கை மரத்தடியில் ஈரச் சருகைப் புரட்டிக்கொண்டு ஒரு குருவி. குட்டை வால், பச்சை முதுகு, இறக்கையில் பளீரென்று ஒரு நீலத் துண்டு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தெற்கே வருகிற வழியில், களைத்துப்போய் இப்படி வீட்டுக் கொல்லைகளில்கூட இறங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது ஒரு சருகைத் தூக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், மண்புழுவை இழுக்கும், மறுபடி இரண்டு தத்துத் தத்தும். சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து நாற்பது நிமிஷம் எடுத்தேன். அன்றைக்கு வங்கிக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். அந்தப் படங்களில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

முதல் அடி பூஞ்சை. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டியது. கார்த்திகை முழுக்க வெளியே போக முடியாமல், கேமராவையும் லென்ஸையும் தோல் பையில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துவிட்டேன். பத்திரம் என்று நான் நினைத்தது. மார்கழியில் எடுத்துப் பார்த்தால் படமெல்லாம் பால் கலந்த மாதிரி மங்கல். பனிமூட்டம் என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் அப்படியே எடுத்தேன். ஒரு நாள் லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே கண்ணாடியில் நூலாம்படை போல ஏதோ படர்ந்திருப்பது தெரிந்தது. கையால் தொடவும் முடியாது, துடைக்கவும் முடியாது. சென்னைக்கு அனுப்பிச் சுத்தம் செய்ய 4,500 ரூபாய். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தும் பயனில்லை என்றார் பழுது பார்த்தவர்.

சேலத்தில் இருபது வருஷம் பீரோவில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாத பொருள் கடலோரத்தில் இரண்டு மாதத்தில் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியாது. காற்றில் ஈரம் அறுபது விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது. வாங்கி என் அறையில் வைத்தபோது 84 காட்டியது. இருட்டும், காற்றோட்டம் இல்லாத பீரோவும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோல் பையும் சேர்ந்தால் நாமே பயிர் செய்கிற மாதிரிதான். எனவே பையைத் தனியாக மாட்டிவையுங்கள். கேமராவுக்கு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். பெரிய செலவில்லை. அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகள் ஒரு கால் கிலோ, கூடவே அந்த ஈரமானி. முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே நின்றால் நிம்மதி. நீல மணி ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும். ஆரஞ்சு மணி பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு சேர்ப்பதால் அது நச்சு. ஆரஞ்சையே வாங்குங்கள். நிறம் மாறியதும் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் வந்துவிடும், அப்படியே பல முறை பயன்படும். வறுக்கிற சட்டியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. இன்னொன்று, மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறை லென்ஸை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டி நாலு படமாவது எடுத்துவிடுங்கள். சும்மா கிடக்கிற லென்ஸில்தான் பூஞ்சை வேகமாகப் பிடிக்கிறது.

தையில் லென்ஸ் திரும்பி வந்தது. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் மாதங்கள் அவை. அக்டோபரிலிருந்தே வரத் தொடங்கிய பூநாரைகள் சேற்று நிலத்தில் வரிசை வரிசையாக நின்று, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்துக்கொண்டிருக்கும். உள்ளான்கள் ஆயிரக்கணக்கில். மேயும்போது சேற்றோடு சேறாகத் தெரியாது, எழும்பித் திரும்பும்போது மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் வெள்ளையாக மின்னும். நான் வெறி பிடித்தவள் மாதிரி எடுத்தேன். மடிக்கணினியில் இடம் இல்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாப் படங்களையும் ஒரே மெமரி கார்டில் விட்டுவைத்திருந்தேன். இந்த 'அப்புறம்' தான் என்னைக் கவிழ்த்தது.

2022 மார்ச், இரண்டாம் சனிக்கிழமை. கோடியக்காட்டுப் பக்கம் உப்பளத்து வரப்பில் நின்றிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். எண்பது தொண்ணூறு பூநாரைகள் தூரத்தில் நின்றன. இன்னும் ஐம்பது அடி கிட்டே போனால் நீர்மட்டத்துக்குக் குனிந்து எடுக்கலாம் என்று ஆசை. வரப்பை விட்டுக் கீழே இறங்கினேன். தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இருபது அடி நடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடியில் வலது கால் முழங்கால் வரை இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போய்விட்டது. முக்காலி சாய்ந்து, கேமராவும் லென்ஸும் உப்புச் சேற்றுத் தண்ணீருக்குள் விழுந்தன.

அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அசைய அசைய இன்னும் கொஞ்சம் இறங்கியது. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவிடம்கூட வீட்டில் இருப்பதாகத்தான் முந்தின இரவு சொல்லியிருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியும் முன்பே வந்துவிடும் உப்பளத் தொழிலாளர்கள் இரண்டு பேர் அன்றைக்குப் பக்கத்துப் பாத்தியில் இருந்தது என் நல்ல நேரம். ஓர் அக்கா உப்பு வாரும் நீளக் கம்புப் பலகையோடு ஓடி வந்தார். "அசையாதம்மா, அசையாத! பின்னால சாஞ்சு உட்காரு" என்றார். சேற்றில் மல்லாக்கச் சாயச் சொன்னால் யாருக்கு மனசு வரும்? ஆனால் சாய்ந்ததும் இறங்குவது நின்றது. பலகையை என் பக்கம் படுக்கவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கச் சொன்னார். இரண்டு கால்களும் வெளியே வர கால் மணி நேரம் ஆனது. வரப்பில் என்னை உட்காரவைத்து, பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த வெள்ளைய நம்பிக் கால வைக்கக் கூடாதும்மா. மேல காஞ்சு கெடக்கும், கீழ பூரா கொழகொழன்னு கெடக்கும். காத்து திரும்பினா தண்ணியும் ஏறிடும்."

சேற்று நிலத்துக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். வரப்பை விட்டு இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அங்கேயே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு, கையில் ஒரு கம்போடு, ஊன்றிப் பார்த்து அடி வையுங்கள். தனியாகப் போனால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கால்களையும் ஒன்றாக இழுக்காதீர்கள், உடம்பின் பாரத்தைப் பரப்பி ஒவ்வொரு காலாக எடுங்கள். பறவைகளுக்குக் கிட்டே போகவும் தேவையில்லை. பேசாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தால் மேய்ந்துகொண்டே அவையே நம் பக்கம் வரும். நாம் நெருங்கினால் கூட்டமே எழும்பிப் பறக்கும், அவற்றின் மேய்ச்சலும் வீண், நம் படமும் வீண்.

உயிர் தப்பிய பிறகு நான் செய்த தப்புகள்தான் அதிகம். வரப்பில் உட்கார்ந்து கேமராவைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதை ஆன் செய்தேன். திரை வந்தது. கடைசியாக எடுத்த பூநாரைப் படம் ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு அணைந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, யாரோ சொல்லிக் கேட்ட நினைவில், அரிசி டப்பாவில் புதைத்து வைத்தேன். மார்ச் மாதம் வங்கிக்காரர்களுக்குக் கணக்கு முடிப்பு, விடுப்பே கிடையாது. சென்னைக்கு அனுப்ப ஒன்பது நாள் ஆகிவிட்டது. திறந்து பார்த்தவர் உள்ளே பச்சை பூத்து மின்சுற்றுப் பலகையே அரித்துப்போயிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். லென்ஸை 9,800 ரூபாய் செலவில் காப்பாற்ற முடிந்தது. கேமரா போனது போனதுதான்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். உப்புத் தண்ணீரில் விழுந்தால் எடுத்த கையோடு பேட்டரியைக் கழற்ற வேண்டும். ஆன் செய்து பார்க்கவே கூடாது, உப்புத் தண்ணீர் வழியாக மின்சாரம் பாயும்போதுதான் அரிப்பு பாய்ச்சலாக நடக்கும். மெமரி கார்டையும் உடனே எடுத்து, குடிக்கிற தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். அரிசி உப்பை எடுக்காது, மாவுத் தூசியைத்தான் உள்ளே சேர்க்கும். வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, அடுத்த நாளுக்குள் பழுது பார்ப்பவர் கைக்குப் போய்விட வேண்டும். நான் கார்டைக் கேமராவுக்குள்ளேயே விட்டு, ஆன் செய்து, ஒன்பது நாள் அரிசியில் வைத்திருந்தேன். கார்டில் இருந்ததை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு கடையில் 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். இருபது நாள் கழித்து ஒன்றும் வரவில்லை என்று கார்டைத் திருப்பித் தந்தார்கள், பணத்தைத் தரவில்லை. படம் மீளாவிட்டால் பணம் திரும்புமா என்று முதலிலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 31,000, 9,800, 4,500, 3,000. கூட்டிப் பாருங்கள்.

அதன் பிறகு ஆறு மாதம் கையில் கேமரா இல்லை. முதல் சில வாரம் கோடியக்கரைச் சாலைப் பக்கமே போகவில்லை. பறவைகளை வெறும் கண்ணால் பார்ப்பதே வலிக்கும்போல் இருந்தது. பங்குனிக் கடைசியில் மனசு கேட்காமல் ஒரு பைனாகுலரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மூக்கு நுனி வளைந்த உள்ளான்கள் குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்தவை, செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒன்று பாதி சிவப்பு, ஒன்று நெஞ்சில் மட்டும் திட்டுத் திட்டாக, ஒன்று முழுச் சிவப்பு. சைபீரியாவின் வடகோடிக்குப் போய் முட்டையிட வேண்டும், அதற்கான கல்யாண உடுப்பு. குளிர்காலம்தான் பறவைக் காலம் என்று நினைத்திருந்த எனக்கு, கிளம்பும் நேரத்தில்தான் அவற்றின் அழகு முழுசாகத் தெரிகிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

அந்த ஆறு மாதத்தில் பார்த்தது போல நான் எப்போதும் பார்த்ததில்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்ந்து நிற்க, சாயம் புதுப்பிக்கிற வாசனை துறைமுகத்தில் அடிக்கும். சித்திரையில் உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்ணைப் பறிக்கும். வெட்டவெளியில் ஒரு குருவிகூடப் பறக்காத அந்த நடுப்பகலில், உப்பின் மேல் காற்றே நடுங்குவது தெரியும். அந்த நடுக்கத்தில் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் படம் கூர்மையாக வராது என்பது பின்னால் புரிந்தது. கோடையில் எட்டரை மணிக்கெல்லாம் தூரப் படத்தை நிறுத்திவிட வேண்டும். காட்டில் உலக்கைப்பாலை பழுக்கும் காலம் அது. மஞ்சளாய்ச் சின்னப் பழம், வாயில் போட்டால் பிசின் மாதிரி உதட்டில் ஒட்டும். கஜாவுக்கு முன்னே இதைவிடப் பழம் அதிகம் என்றார் விற்ற பாட்டி. 2018 நவம்பரில் அடித்த அந்தப் புயலை வைத்துத்தான் இந்தப் பக்கம் எல்லோரும் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆடியில் மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆவணி தொடங்கியதும் ஒரு காலை, சேற்றில் ஏழெட்டு உள்ளான்கள். வடக்கே போய்த் திரும்பியாயிற்று. சிலவற்றின் நெஞ்சில் அந்தச் செங்கல் நிறம் இன்னும் அழியாமல் இருந்தது. போனது திரும்பி வந்துவிட்டது என்று எனக்குள் ஏதோ லேசானது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

2022 ஐப்பசிக்கு முன் சீட்டுப் பணத்தில் இன்னொரு பழைய கேமரா வாங்கினேன். இப்போது என் வழக்கமே வேறு. கடற்கரையில் லென்ஸை மாற்றுவதில்லை, எந்த லென்ஸ் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவேன். லென்ஸுக்கு முன்னால் சாதாரணக் கண்ணாடி வடிகட்டி (ஃபில்டர்) ஒன்று எப்போதும் இருக்கும். உப்புத் துளி அதில் படட்டும், கெட்டால் அதை மாற்றினால் போதும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் கேமரா வேலை. முதலில் காற்றுப் பம்பால் மணலை ஊதிவிட வேண்டும், மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும். பிறகு ஈரத் துணி, பிறகு காய்ந்த துணி, ஒரு மணி நேரம் மின்விசிறி, அதற்கப்புறம் டப்பா. முக்காலியின் கால்களை நீட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசுவேன். ஏசி அறையில் தூங்குகிறவர்கள் கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறவுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயும் வெளியேயும் வேர்த்துவிடும். படங்களை அன்றிரவே இரண்டு இடத்தில் ஏற்றிவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது மூன்றாவது பிரதி ஒன்றைச் சேலத்தில் அம்மா வீட்டில் வைக்கிறேன். உப்புக்காற்று எட்டாத ஊரில் ஒன்று இருக்கட்டும்.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒன்று. உப்பும் பூநாரையும் வெள்ளை. கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் அழுக்குச் சாம்பலாக்கிவிடும். கேமராவின் எக்ஸ்போஷர் அமைப்பில் வெளிச்சத்தை ஒரு புள்ளி (+1) கூட்டி எடுங்கள், ஆனால் இறகின் வெள்ளையில் விவரம் அழிந்துவிட்டதா என்று முதல் படத்திலேயே பெரிதாக்கிப் பாருங்கள். மழைக்கால மேகமூட்டத்தை வீணென்று நினைக்காதீர்கள். பூநாரையின் ரோஸ் நிறம் நல்ல வெயிலைவிட அப்போதுதான் முழுசாக வரும். கோடையில் ஆள்காட்டியும் ஆலாவும் வெறுந்தரையில் முட்டையிடும், மணலும் முட்டையும் ஒரே நிறம். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அங்கே முட்டை இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

2023 ஏப்ரலில் அந்தச் சிவப்பு உள்ளான் கிடைத்தது. வரப்பில் குப்புறப் படுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பின்னால் மங்கலாக ஓர் உப்பு அம்பாரம், முன்னால் பாதித் தண்ணீரில் அது, அலகு நுனியில் ஒரு சேற்றுத் துளி. பெரிதாக அச்சடித்து அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். பறவையை அல்ல. "இது நம்ம அம்பாரம்ல? நாங்க போட்டதும்மா" என்று உள்ளங்கையால் அந்த மங்கலான வெள்ளையைத் தடவினார். அடுத்த வாரம் அந்த அம்பாரத்தையே தனியாகப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.